ஆறு மணி நாற்பது நிமிடத்தில் பாரிஸ்

"சென்னையிலிருந்து பாரிசுக்கு எத்தனை மணி நேரம்?" என்று யாராவது போகிற போக்கில் கேட்டால் எனக்கு இன்றைக்கும் சுருக்கென்று கோபம் வரும். ஓய்வு பெற்று மூன்று வருடம் ஆகிறது. கோபம் மட்டும் ஓய்வு பெறவில்லை.

போன வாரம், இப்போது என் நாற்காலியில் உட்காரும் பெண் போன் பண்ணினாள். "மேடம், போன்ல தேடினா ஒரு எடத்துல ஒம்பது மணி நேரம்னு வருது, இன்னொரு எடத்துல பதிமூணே முக்கால்னு வருது. கஸ்டமர் எதிர்லயே உக்காந்திருக்காரு. எது கரெக்ட்டு மேடம்?" தூரத்தில் ஒரு சிக்கலும் இல்லை, நேராகப் பறந்தால் ஏறக்குறைய எட்டாயிரம் கிலோமீட்டர், அது யார் வந்து கேட்டாலும் அவ்வளவுதான். நேரம்தான் ஆளைக் கவிழ்த்துவிடும். அவளுக்கு விளக்கிச் சொல்லிவிட்டுப் போனை வைத்தேன். அந்தக் கேள்விக்கு எனக்கு ஏன் கோபம் வருகிறது என்று அவளிடம் சொல்லவில்லை. இங்கே சொல்கிறேன்.

பி.காம். முடித்துவிட்டு, தட்டச்சுத் தெரியும் என்ற ஒரே தகுதியில், புதுச்சேரி டவுனில் ஒரு டிராவல்ஸில் சேர்ந்தேன். தலையணை போல இருக்கும் கால அட்டவணைப் புத்தகத்தைப் பார்த்து, கையால் டிக்கெட் எழுதிய காலம் அது. எங்கள் ஊரில் வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருப்பார், இல்லையென்றால் ரீயூனியன் தீவில் இருப்பார். அதனால் வியாபாரத்துக்குக் குறைவில்லை. முதல் நான்கு வருடம் கார்பன் தாள் மாற்றியதும் திட்டு வாங்கியதும்தான் ஞாபகத்தில் இருக்கிறது.

திட்டியவர் முதலாளி ஜமால் பாய். இந்த ஊரில் பல தலைமுறையாக வியாபாரம் செய்த குடும்பம். மனுஷர் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நம் முதுகுக்குப் பின்னால் வந்து நிற்பார். நாம் போனில் யாரிடமாவது "ரெண்டரைக்கு ஃப்ளைட்" என்று சொன்னால் போதும், "எந்த ஊரு ரெண்டர?" என்பார். தினமும் பத்துத் தடவை. பற்றிக்கொண்டு வரும் எனக்கு. நல்ல வார்த்தை ஒன்று அவர் வாயிலிருந்து வாங்குவதற்குள் எனக்குத் தலை நரைத்துவிட்டது.

அவர் போட்ட ஒரு சட்டம் எங்கள் கடையில் மட்டும்தான் இருந்தது. டிக்கெட்டோடு ஒரு துண்டுச் சீட்டும் கையால் எழுதித் தர வேண்டும். அந்தந்த ஊர் நேரம் நீல மசியில், அதற்கு நேராக நம் ஊர் நேரம் சிவப்பு மசியில். சிவப்பிலிருந்து சிவப்பைக் கழித்து அடியில் மொத்த நேரம். மற்ற கடைக்காரர்கள் கேலி செய்வார்கள். ஆனால் எங்கள் சனங்களுக்கு அந்தச் சிவப்பு வேண்டும். மகன் இறங்குகிற நேரத்துக்குக் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்ற வேண்டும், சர்க்கரை மாத்திரை எப்போது போடுவது என்று தெரிய வேண்டும். வைத்திக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா வருவார், மகளுக்குக் கொண்டுபோகிற வறுத்த மீன் தாங்குமா என்று பார்ப்பதற்கே சிவப்பு மசியைக் கேட்பார்.

பிறகு கம்ப்யூட்டர் வந்தது, பிரிண்டர் வந்தது. விமான கம்பெனியின் படம் போட்டுப் பளபளவென்று வரும் தாளுக்கு முன்னால் என் துண்டுச் சீட்டு மளிகைக்கடை லிஸ்ட் மாதிரி இருந்தது. பாய் கடையில் இருக்கும் நாளில் சீட்டு எழுதுவேன். அவர் இல்லாத நாளில் பிரிண்ட் எடுத்துக் கொடுத்து அனுப்பிவிடுவேன். அந்தத் தாளில் அந்தந்த ஊர் நேரம் மட்டும்தான் இருக்கும்.

ஒரு ஜனவரி மாதம். பாய் தங்கை மகள் கல்யாணத்துக்குக் காரைக்கால் போயிருந்தார். அப்போது வந்தவர்தான் விக்டர். நாற்பது வயது இருக்கும், மின்துறையில் வேலை, விமானத்தில் ஏறியதே இல்லை. அவருடைய தாய்மாமா, ஊரே மரியாதையாக மொசியே என்று கூப்பிடும் லூர்துசாமிக்கு டிக்கெட் வேண்டும். லூர்துசாமி பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். வயது எண்பதைத் தாண்டிவிட்டது. நுரையீரல் போய், நெல்லித்தோப்பு வீட்டில் மூக்கில் குழாயோடு இருந்தார். அவர் மனைவி தெரேஸ் அம்மா, பாரிசுக்குப் பக்கத்தில் இருக்கும் மகள் மர்த்தீனைப் பார்க்கப் போன இடத்தில் மூளையில் ரத்தக் கசிவு வந்து விழுந்துவிட்டார். ஒரு வாரமோ பத்து நாளோ என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள்.

"மாமா சோறு எறங்கல, தண்ணி எறங்கலக்கா. 'என்ன அனுப்புடா, என்ன அனுப்புடா'ன்னு அதையே சொல்றாரு," என்றார் விக்டர். அழாமல் சொல்ல மிகவும் பாடுபட்டார்.

தனியாகப் போக வேண்டும், சக்கர நாற்காலி வேண்டும், கூடவே ஆக்சிஜன் மெஷின். காற்றிலிருந்தே ஆக்சிஜன் பிரித்துத் தருகிற கைமெஷின் அது, பாட்டரியில் ஓடும். விமான கம்பெனி விதி என்னவென்றால், நிலையத்தில் காத்திருக்கும்போது பிளக் கிடைக்கும், ஆனால் பறக்கிற நேரத்துக்கு ஒன்றரை மடங்கு பாட்டரி பயணியின் கையில் இருந்தாக வேண்டும். ஒரு நிமிடம் குறைந்தாலும் ஏற்ற மாட்டார்கள். விதியை விக்டருக்கு விளக்கினேன், பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அதில் இருந்தது இவ்வளவுதான்: சென்னை மதியம் 2.30 புறப்பாடு, வளைகுடா மாலை 5.00 சேர்தல். அங்கே இரண்டரை மணி நேரம் காத்திருப்பு. வளைகுடா இரவு 7.30 புறப்பாடு, பாரிஸ் 11.40 சேர்தல்.

மறுநாள் விக்டர் டாக்டர் கடிதத்தோடு வந்தார். படிவத்தில் 'பாட்டரி எத்தனை மணி நேரம்' என்ற கட்டத்துக்கு வந்தபோது நிமிராமலே கேட்டேன்.

"பன்னெண்டு மணி நேரம் இருக்குக்கா. நாலு பாட்டரி, ஒண்ணு மூணு மணி நேரம். நீங்க குடுத்த தாள வெச்சு நல்லா கணக்குப் போட்டுட்டேன்."

பன்னிரண்டு என்று எழுதிக் கையெழுத்து வாங்கினேன். பின்னால் மூன்று பேர் காத்திருந்தார்கள். முப்பது வருடம் பாரிசுக்கு டிக்கெட் போட்டவள், இந்தப் பன்னிரண்டு போதுமா என்று ஒரு பெருக்கல் போட்டுப் பார்க்கவில்லை. கம்பெனியும், மீதியைக் கவுன்டரில் பார்த்துக்கொள்வோம் என்று அனுமதி கொடுத்துவிட்டது.

புறப்படுகிற நாள் காலை ஒன்பதே கால். எட்டு மணிக்கே கார் கிளம்பிவிட்டது என்று விக்டர் செய்தி போட்டிருந்தார். நிம்மதியாக அவருடைய காகிதங்களைக் கோப்பில் வைக்கப் போனேன். என் பிரிண்டின் நகல் ஒன்று அதில் இருந்தது. ஓரத்தில் விக்டர் பென்சிலால் போட்ட கணக்கு. இரண்டரையிலிருந்து ஐந்து வரை, இரண்டரை மணி. ஏழரையிலிருந்து பதினொன்று நாற்பது வரை, நான்கு மணி பத்து நிமிடம். கூட்டினால் ஆறு மணி நாற்பது நிமிடம். ஒன்றரை மடங்கு பத்து. பக்கத்தில் ஒரு டிக், 'பாட்டரி ஓகே'.

விமானம் மேற்கே போகப் போகக் கடிகாரம் பின்னால் போகிறது. அந்த மனிதர் இரண்டு ஊர்க் கடிகாரத்தையும் ஒரே கடிகாரமாக நினைத்துக் கழித்திருக்கிறார். நம் ஊர் நேரத்தில் போட்டால் வளைகுடா வரை நான்கு மணி, அங்கிருந்து பாரிசுக்கு ஏழு மணி பத்து நிமிடம், நிஜத்தில் பறப்பது பதினொரு மணி பத்து நிமிடம். ஒன்றரை மடங்கு பதினாறே முக்கால் மணி. கையில் இருப்பது பன்னிரண்டு. கவுன்டரில் நிறுத்திவிடுவார்கள். அடுத்த இருக்கை நான்கு நாள் கழித்துத்தான் இருந்தது. தெரேஸ் அம்மாவுக்கு அந்த நான்கு நாள் இருக்குமா என்று யாருக்குத் தெரியும்?

விக்டருக்குப் போன் போட்டேன். மரக்காணம் தாண்டிவிட்டார்கள்.

"விக்டர், வண்டிய நிறுத்தாதீங்க. போயிட்டே இருங்க. பாட்டரி பத்தாது. இன்னும் ரெண்டு வேணும், நான் எடுத்துட்டு வர்றேன்."

"இன்னாக்கா சொல்றீங்க? கணக்கு…"

"கணக்கு தப்பு. என் தப்பு. அப்புறம் பேசலாம். மாமாவுக்குக் காருல என்ன ஓடுது?"

"சிலிண்டருக்கா."

"அதுலயே ஓட்டுங்க. ஏர்போர்ட்ல மெஷின மாத்தினா செவுத்து பிளக்குல போடுங்க. பாட்டரியத் தொடாதீங்க."

அடுத்து பாய். கல்யாண வீட்டுச் சத்தத்துக்கு நடுவில் முழுவதையும் சொன்னேன். சீட்டு எழுதவில்லை என்பதையும் சொன்னேன்.

"யாரு அனுப்பினது அந்த ஆள?" என்றார்.

"நான்தான் பாய்."

"அப்ப நீயே போ. கடைய மூடிட்டுப் போ." வைத்துவிட்டார்.

மெஷின் வாடகைக்குக் கொடுத்த கடையும் நெல்லித்தோப்பில்தான். ஷட்டரைத் தட்டித் திறக்க வைத்தேன். கடைக்காரர் இரண்டு பாட்டரியை எடுத்து மேசை மேல் வைத்தார். ஒவ்வொன்றிலும் நான்கு குட்டி விளக்கு. ஒன்றில் நான்கும் பச்சையாக எரிந்தன. இன்னொன்றில் ஒன்றுகூட எரியவில்லை.

"இது நேத்துதான் திரும்பி வந்துச்சும்மா. சார்ஜ் போடணும். நாலு மணி நேரம் ஆவும்."

"என்கிட்ட நாலு மணி நேரம் இல்லீங்க."

அவர் தலையைச் சொறிந்துவிட்டு, காரில் சிகரெட் லைட்டர் ஓட்டையில் செருகுகிற ஒயர் ஒன்றைத் தேடி எடுத்தார். "இதுல போட்டுட்டே போங்க. வண்டி ஓடற வரைக்கும் ஏறும். எவ்ளோ ஏறும்னு என்னால சொல்ல முடியாது."

வாடகைக் கார் ஓட்டியவர் சேகர். பத்து மணிக்குக் கிளம்பினோம். கவுன்டர் ஒன்றரைக்கு மூடும். ஒயரைச் செருகினால் ஓட்டை லொடலொட என்று இருந்தது. விட்டால் கழன்று வருகிறது. கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன். முதல் விளக்கு மினுக்கென்று சிமிட்ட ஆரம்பித்தது.

கணக்கை மனசுக்குள் திரும்பத் திரும்பப் போட்டேன். அவர்களிடம் பன்னிரண்டு. நிறைந்த பாட்டரி மூன்று, ஆகப் பதினைந்து. இன்னும் ஒன்றே முக்கால் மணி வேண்டும். ஒரு விளக்கு முக்கால் மணி நேரம். இரண்டு விளக்கு என்றால் ஒன்றரை, கால் மணி குறையும். மூன்றாவது விளக்கு எரிந்தே ஆக வேண்டும்.

கனகசெட்டிக்குளத்தில் ஐஸ் பெட்டி ஏற்றிய லாரி ஒன்று ரோட்டுக்குக் குறுக்கே திரும்பும்போது மாட்டிக்கொண்டது. முன்னால் பத்து வண்டி. சேகர் வழக்கம் போலச் சாவியைத் திருப்பினார். விளக்கு அணைந்தது.

"ஆஃப் பண்ணாதீங்க!" என்று நான் போட்ட கத்தலில் பக்கத்து வண்டிக்காரரே திரும்பிப் பார்த்தார்.

"டீசல் வேஸ்ட்டா போவுதேன்னு…"

"உங்க டீசலுக்கு நான் தர்றேன். ஒரு ஆளோட மூச்சு சேகர் இது!"

விஷயத்தைச் சொன்னதும் அவர் ஏசியை அணைத்துவிட்டுக் கண்ணாடியை இறக்கினார். "எல்லா கரண்டும் அதுக்கே போவட்டும்," என்றார். அதனால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று எனக்குத் தெரியாது, ஆனால் அந்த நேரத்தில் அழுகை வந்துவிட்டது. லாரி நகரப் பதினைந்து நிமிடம் ஆனது. முதல் விளக்கு மரக்காணத்துக்கு முன்னால் சிமிட்டல் நின்று அசையாமல் எரிந்தது. மாமல்லபுரம் தாண்டும்போது இரண்டாவது. அதற்குப் பிறகு மூன்றாவது சிமிட்டியது, சிமிட்டியது, சிமிட்டிக்கொண்டே இருந்தது. திருவான்மியூர் நெரிசலில் கட்டை விரல் மரத்துப்போய், இடது கைக்கு மாற்றினேன். 'சேசுவே, எரியட்டும்' என்பதற்கு மேல் ஒரு செபமும் வாயில் வரவில்லை.

ஒன்று பத்துக்கு விமான நிலைய வாசல். மூன்றாவது இன்னும் சிமிட்டல்தான். போலீஸ்காரர் விசில் ஊதி விரட்டினார். இனிமேல் காத்திருந்தால் கவுன்டர் போய்விடும். பிடுங்கிக்கொண்டு ஓடினேன். உள்ளே விட மாட்டார்கள் என்பது வாசலில் வந்த பிறகுதான் உறைத்தது. பயணி உதவிக்கு என்று கெஞ்சி, கம்பெனி ஆள் வந்து, நுழைவுச் சீட்டு எழுதி வாங்குவதற்குள் ஒன்று பதினேழு.

மொசியே லூர்துசாமி ஒரு தூணோரம், பிளக்குக்குப் பக்கத்தில் சக்கர நாற்காலியில் இருந்தார். கோட்டு, டை, நெஞ்சில் பட்டாளத்து மெடல். மனைவியைப் பார்க்கப் போகிறவர் அப்படித்தான் உடுத்தியிருந்தார். பக்கத்தில் விக்டர் வெளிறிப்போய் நின்றார். எதிரில் கவுன்டர் மேற்பார்வையாளர் பெண், என் படிவத்தைக் கையில் வைத்துக்கொண்டு.

"ட்வெல்வ் அவர்ஸ்னு எழுதியிருக்கு. இத யாரு எழுதினது?"

விக்டர் என்னைப் பார்த்தார். அந்தக் கணக்கு அவருடையதுதான், பென்சில் கையெழுத்தும் அவருடையதுதான். ஒரு வார்த்தையில் அவர் தலையில் கட்டிவிட்டிருக்கலாம். கட்டத் தோன்றியது என்பதையும் மறைக்கவில்லை.

"நான் எழுதினதுங்க. பறக்கற நேரத்த நான் சரியா எழுதிக் குடுக்கல. இப்ப ஆறு பாட்டரி இருக்கு."

கிழவர் நிமிர்ந்தார். "இன்னாம்மா பிரச்சின?"

"பறக்கற நேரத்த ஆறே நாப்பதுன்னு நெனச்சிட்டாங்க மொசியே," என்றேன். "பதினொண்ணு பத்து ஆவும்."

"ஆறே நாப்பதா?" மூச்சு வாங்கி வாங்கிச் சிரித்தார். "நான் கப்பல்ல மூணு வாரம் போன ஆளும்மா. ஃப்ளைட்லயும் எத்தினி வாட்டி போயிருக்கேன். என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

யாரும் அவரைக் கேட்கவில்லை. நோயாளி என்று ஆன பிறகு அவரிடம் யாரும் எதையும் கேட்கவில்லை.

மேற்பார்வையாளர் கால்குலேட்டரில் தட்டினார். ஒவ்வொரு பாட்டரியாக விளக்கு எண்ணினார். ஆறாவதில் நிறுத்தினார். "தேர்ட் லைட் பிளிங்க் ஆகுது மேடம். இத மூணா எடுக்க முடியாது. பதினஞ்சு நிமிஷம் ஷார்ட்."

"அத மெஷின்ல போட்டு இதே பிளக்குல சார்ஜ் ஏத்தறோம். கவுன்டர் மூடற வரைக்கும் டைம் குடுங்க."

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். ஒன்று இருபத்துமூன்று. "ஒன் தர்ட்டி. அதுக்கு மேல என்கிட்ட பேசாதீங்க."

விக்டர் குனிந்து பாட்டரியை மாற்றினார். நாங்கள் மூன்று பேரும் அந்தக் குட்டி விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தக் கூட்டத்தில் என்ன சத்தம் இருந்தது என்று எனக்குத் தெரியவில்லை. ஒன்று இருபத்தெட்டுக்குச் சிமிட்டல் நின்றது. மூன்று விளக்கும் அசையாமல் எரிந்தன. அந்தப் பெண் பன்னிரண்டை அடித்துவிட்டுப் புதிதாக எழுதி என் கையெழுத்தை வாங்கினார். நாற்காலி நகர்ந்தபோது கிழவர் என் கையைத் தட்டி "மெர்சி" என்று நன்றி சொன்னார். எனக்கு அந்த வார்த்தையை வாங்கிக்கொள்ளத் தகுதியில்லை என்று பட்டது.

பாரிசில் இரவு 11.40 என்றால் நமக்கு விடிகாலை நான்கு பத்து. நாலரைக்கு மர்த்தீன் போன் பண்ணுவதாகச் சொல்லியிருந்தாள். பண்ணவில்லை. ஐந்து ஆயிற்று. ஐந்தரை. விக்டர் வீட்டிலிருந்து மூன்று தடவை கூப்பிட்டார். வழியில் என்ன ஆகியிருக்குமோ என்று நினைக்கவே பயந்து, கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவிக்கொண்டிருந்தேன். ஆறே முக்காலுக்கு மணி அடித்தது.

"பப்பா வந்துட்டாரு. வளைகுடாவுல மூடுபனின்னு ஃப்ளைட்ட ஓடுதளத்துலயே ரெண்டு மணி நேரம் நிறுத்திட்டாங்க. எல்லாரையும் சீட்டுலயே உக்கார வெச்சிட்டாங்க. இப்பதான் வெளிய வந்தாரு. ஒரு பாட்டரிதான் முழுசா மிச்சம் இருக்கு."

பன்னிரண்டு மணி நேரத்தோடு ஏற்றியிருந்தால், பிரான்சு எல்லை வரும்போது மெஷின் நின்றிருக்கும். போனை வைத்துவிட்டுச் சமையலறைத் தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

பாய் திரும்பி வந்ததும் கோப்பை எடுத்துப் பென்சில் கணக்கைப் படித்தார். திட்டுவார் என்று நின்றேன். "அந்தாளு கணக்கு தப்பில்ல," என்றார். "நீ குடுத்த தாளுல வேற எந்தக் கணக்கும் வராது." அதோடு சரி. திட்டியிருந்தால் அன்றைக்கே மறந்திருப்பேன்.

லூர்துசாமி போன ஒன்பதாம் நாள், ஞாயிற்றுக்கிழமை காலையில் விக்டர் வீட்டுக்கே வந்துவிட்டார். தெரேஸ் அம்மா போய்விட்டார். இங்கே பங்குக் கோயிலில் பூசைக்குச் சொல்ல வேண்டும், மரண அறிவிப்பு அடிக்க வேண்டும். கையில் காகிதம், இறந்த நாளுக்கான இடம் மட்டும் காலி.

"அங்க சனிக்கெழம ராத்திரி ஒம்பதே கால்க்கா. நமக்கு ஞாயித்துக்கெழம விடிகாலம் ஒண்ணே முக்கால். இந்த வாட்டி கணக்கு சரியா?"

"சரிதான்."

"அப்ப எந்த நாளப் போடறது? இங்க சொந்தக்காரங்க எல்லாம் ஞாயிறுதான்னு சொல்றாங்க. ஞாயிறு நல்ல நாளுன்றாங்க."

இந்தத் தடவை லூர்துசாமியையே கேட்டுவிடலாம் என்று மர்த்தீனுக்குப் போன் போட்டேன். லூர்துசாமி வந்தார். மெஷின் புஸ் புஸ் என்று அடிப்பது கேட்டது. விஷயத்தைச் சொன்னேன். இங்கே எல்லோருக்கும் ஞாயிற்றுக்கிழமைதான் மொசியே என்றும் சொன்னேன்.

மூச்சைச் சேர்த்துக்கொண்டு பேசினார்.

"அங்க இருந்தவங்களுக்கு அது ஞாயித்துக்கெழமயா இருக்கட்டும்மா. எனக்கு சனிக்கெழம. நான் அவகூட இருந்தேனில்ல."

விக்டர் காகிதத்தை என் பக்கம் நகர்த்தினார். சனிக்கிழமை என்று எழுதினேன்.